ஆங்கிலம் எழுத வருகிறது, பேச வரவில்லையா? ஏஐ சாட்பாட்டோடு பேசிப் பழகும் வழி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக, அதாவது வாங்குபவரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவராகச் சேர்ந்து எட்டாவது மாதம். வீடியோ காலில் பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர், கேட்டது மிகச் சின்னக் கேள்வி: லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) எங்கள் கைக்கு எப்போது வரும்? வியாழக்கிழமை வரும். கூரியர் அனுப்பியதே நான்தான். டிராக்கிங் நம்பரைக்கூட முன்னால் எழுதி வைத்திருந்தேன். ஆனாலும் வாயில் ஒரு வார்த்தை எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த மேனேஜர் பதில் சொல்லி முடித்தார். அன்று சாயங்காலம் அதே பையருக்கு ஒன்றரைப் பக்கம் மெயில் எழுதினேன், ஒரு பிழை இல்லாமல்.

நம் பக்கத்தில் இந்த நிலையில் நிறையப் பேர் இருக்கிறோம். நம்பியூரிலோ குன்னத்தூரிலோ தமிழ் வழியில் பள்ளிக்கூடம், அப்புறம் கோவையிலோ பெருந்துறையிலோ காலேஜ். இலக்கணம் படித்திருக்கிறோம், வாசித்தால் புரிகிறது, மெயில் எழுத வருகிறது. பேச்சு மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதற்குப் பெரிய காரணம், பேசிப் பார்க்க ஆள் கிடைத்ததே இல்லை என்பதுதான். வீட்டில் பேசினால் தங்கச்சி சிரிப்பாள். கூட வேலை செய்பவர்களிடம் பேசினால் "என்னுங்க, இன்னைக்கு இங்கிலீஷ் பலமா இருக்குது" என்று ஒரு வார்த்தை வரும். மறுபடி ஒரு மாதத்துக்கு வாய் திறக்காது.

ஏஐ சாட்பாட் இந்தக் குறையைத் தீர்த்து வைக்கிறது. சிரிக்காது, சலித்துக்கொள்ளாது, ராத்திரி பத்து மணிக்கும் உட்கார்ந்து கேட்கும். அதை வைத்துத்தான் நான் பேசப் பழகினேன். இப்போது எங்கள் செக்ஷனில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கும் சொல்லித் தருகிறேன். ஆனால் எப்படி வேண்டுமானாலும் பேசினால் பேச்சு வந்துவிடாது. அதற்கு நாம்தான் வழி காட்ட வேண்டும். அந்த வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் என்னென்ன வேண்டும்

ஒரு போன், மைக் உள்ள இயர்போன், நெட். செயலிகளில் சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டில் ஒன்று போதும். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தபோது எழுத்தில் மட்டுமே பதில் சொன்னது. 2023 நவம்பரில் காசு கட்டாதவர்களும் குரலில் பேச வழி திறந்தது. ஜெமினியில் 'லைவ்' என்ற பேச்சு வசதி 2024-இல் வந்தது. இரண்டுக்கும் தமிழ் புரியும், அது நமக்குப் பெரிய உதவி. இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வரலாம். தொடங்குபவருக்குத் தேவை ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், ஆகவே அது இடிக்காது. முதல் இரண்டு மாதம் காசு கட்டவே வேண்டாம்.

செயலியைப் பதிவிறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதே மாதிரிப் பெயரும் படமும் வைத்துக்கொண்டு வாராவாரம் காசு பிடிக்கும் செயலிகள் பிளே ஸ்டோரில் உண்டு. செயலியின் பெயருக்குக் கீழே தயாரித்தவர் பெயர் இருக்கும். சாட்ஜிபிடி என்றால் ஓபன்ஏஐ, ஜெமினி என்றால் கூகுள். வேறு பெயர் இருந்தால் தொட வேண்டாம்.

அடுத்தது இடம். லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய பாடு. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று நினைத்தாலே குரல் உள்ளே போய்விடும். நான் மொட்டை மாடியில் பேசினேன். காலையில் நடக்கப் போகும்போது காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேசலாம். பார்ப்பவர்கள் யாரோடோ போனில் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக் கொட்டகையை ஒட்டி வீடு இருந்தால், தறி ஓடும் நேரத்தில் பேசாதீர்கள். சத்தத்தில் மைக் பாதி வார்த்தையை விட்டுவிடும், தவறு உங்கள் மேல் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பேசும் முன் அதற்குச் சொல்லி வையுங்கள்

புதியவர்கள் எல்லாரும் செய்வது, செயலியைத் திறந்து 'ஹலோ' சொல்வது. அது உற்சாகமாக ஐந்தாறு வாக்கியம் பொழிந்து தள்ளும். பாதி புரியாது, உடனே மூடிவிடுவார்கள். அதனால் முதலில் எழுத்தில், தமிழிலேயே, இப்படிச் சொல்லுங்கள்:

"நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் தெரியும், பேசிப் பழக்கம் இல்லை. என்னோடு எளிய ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசு. ஒரு தடவைக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதே. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேள். நடுவில் நான் தமிழ் வார்த்தை சொன்னால் அதற்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர். நான் பேசும்போது திருத்தாதே. 'முடிச்சுக்கலாம்' என்று நான் சொன்ன பிறகு, முக்கியமான மூன்று தவறுகளை மட்டும் தமிழில் விளக்கு. பாராட்டு வேண்டாம்."

இதை அனுப்பிவிட்டு, அதே உரையாடலில் குரல் பொத்தானை அழுத்துங்கள். இந்தப் பத்தியை போனில் குறிப்பாகச் சேமித்து வைத்தால் தினமும் ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் வேலைக்குத் தகுந்த மாதிரி முதல் வரியை மட்டும் மாற்றுங்கள்.

இதில் இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ஒன்று, நடுவில் திருத்தாதே என்பது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் வந்தால், பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய ஞாபகம் வந்து பேச்சு அடைத்துவிடும். இன்னொன்று, பாராட்டு வேண்டாம் என்பது. இந்தச் செயலிகளுக்குப் புகழும் குணம் அதிகம். 'ஐ கோ எஸ்டர்டே' என்று சொன்னாலும் 'கிரேட்' என்று தொடங்கும். அந்தப் பாராட்டை நம்பினால் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது.

இன்னொரு தொல்லை, நாம் யோசிக்க நிறுத்தும் இடைவெளியில் அது பேசத் தொடங்கிவிடுவது. ஒரு வாக்கியம் சேர்க்க நமக்கு நான்கு நொடி ஆகும். அதற்குள் நாம் முடித்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளும். குரல் உரையாடலை விட்டுவிட்டு, எழுதும் கட்டத்தில் இருக்கும் மைக்கை அழுத்திப் பேசுங்கள். சாட்ஜிபிடியில் அங்கே நீங்கள் அனுப்பும் வரை அது காத்திருக்கும். முதல் இரண்டு வாரம் இப்படி, பழகிய பிறகு நேரடிக் குரல். அவசரம் இல்லை.

எதைப் பற்றிப் பேசுவது

'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' வேண்டாம். அதற்கு நம்மிடம் மனப்பாடம் செய்த பதில் இருக்கும், மனப்பாடம் ஒப்பித்தால் பேச்சு வளராது. அதுபோல புவி வெப்பமடைதல், சமூக ஊடகத்தின் நன்மை தீமை மாதிரித் தலைப்புகளும் வேண்டாம். தமிழில் கேட்டாலே அதற்கு நமக்குப் பேச்சு வராது.

உங்கள் கைக்குத் தெரிந்ததைப் பேசுங்கள். நீங்கள் சொல்லித் தருபவர், அது கேட்டுக்கொள்ளும் வெளியூர்க்காரர். எங்கள் செக்ஷனில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நான் முதல் நாள் கொடுத்த வேலை, அரிசிம்பருப்பு சாதம் எப்படிச் செய்வது என்று அதற்குச் சொல்லித் தருவது. தட்டுத்தடுமாறி ஏழெட்டு வாக்கியம் பேசினாள். 'தாளிக்கிறது' என்ற இடத்தில் நின்றாள், தமிழிலேயே சொன்னாள், அது சொல் எடுத்துக் கொடுத்தது. அப்புறம் அது, இதையும் பிசிபேளா பாத்தையும் ஒன்றாக நினைத்துப் புளி எப்போது சேர்ப்பீர்கள் என்று கேட்டது. "நோ, நோ, நோ டாமரிண்ட்!" என்று அவள் குரலை உயர்த்தினாள். அவள் யோசிக்காமல் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம் அதுதான். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எதிராளி தப்பாகச் சொல்லும்போது கூச்சம் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை.

ஈரோட்டுப் பக்கம் என்றால் மஞ்சள் இருக்கிறது. கிழங்கு எடுத்து, வேக வைத்து, காய வைத்து, பாலிஷ் போட்டு, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது வரை சொல்ல அரை மணி நேரப் பேச்சு உண்டு. விரலியை அவர்கள் 'ஃபிங்கர்' என்றும் கிழங்கை 'பல்ப்' என்றும் சொல்வார்கள் என்பதும் அப்படியே தெரிந்துகொள்ளலாம். பொள்ளாச்சி என்றால் தேங்காய், கயிறு. திருச்செங்கோடு என்றால் போர்வெல் லாரி. சென்னிமலை என்றால் பெட்ஷீட். வேலைக்குப் போகாதவர்களுக்கும் இருக்கிறது: மாரியம்மன் கோயில் நோம்பி, வீட்டுக்கு ஒறம்பரை (உறவினர்) வந்தால் செய்யும் பலகாரம், மாட்டுக்குத் தீவனம் வைப்பது. அந்த விஷயத்தில் நீங்கள் அதைவிடப் பெரியவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஒரே விஷயத்தை மூன்று தடவை

இந்த வழியில் எனக்குக் கிடைத்த பலன் வேறு எதிலும் கிடைக்கவில்லை. மொழி ஆசிரியர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் பயிற்சி இது, '4/3/2' என்று சொல்வார்கள். ஒரு விஷயத்தை முதலில் நான்கு நிமிடம் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில். முதல் தடவை வார்த்தை தேடுவதிலேயே பொழுது போய்விடும். இரண்டாவது தடவை அந்த வார்த்தைகள் கையருகே இருக்கும். மூன்றாவது தடவை வாய் தானாக ஓடுவது உங்களுக்கே தெரியும்.

இதற்கு மனிதர்களைத் தேடினால் ஒரே கதையை மூன்று தடவை கேட்க யார் வருவார்கள்? சாட்பாட்டில் ஒவ்வொரு தடவையும் புது உரையாடல் திறந்தால் புது ஆள். போனில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். "நான் முடிக்கும் வரை எதுவும் கேட்காதே, முடித்த பிறகு ஒரு கேள்வி மட்டும் கேள்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இங்கே மைக் கட்டத்தில் பேசுவதுதான் வசதி. நான்கு நிமிடம் தொடர்ந்து வராவிட்டால் இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று நாள் இதைச் செய்தால் போதும்.

வேலைப் பேச்சும் நம் 'ங்க'வும்

இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு நடிப்புக்கு வாருங்கள். அதை பையராக நடிக்கச் சொல்லலாம்:

"நீ ஜெர்மனியில் இருக்கும் பையர். 12,000 டி-ஷர்ட் ஆர்டர் கொடுத்திருக்கிறாய். டையிங்கில் ஷேட் மாறியதால் ஷிப்மென்ட் ஐந்து நாள் தள்ளிப்போகிறது என்று நான் உனக்குச் சொல்லப் போகிறேன். எளிதில் ஒத்துக்கொள்ளாதே. எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல், இல்லாவிட்டால் தள்ளுபடி கேள். நான் சரியான காரணமும் புதுத் தேதியும் சொன்னால் மட்டும் இறங்கி வா."

'எளிதில் ஒத்துக்கொள்ளாதே' என்பதை எழுத மறக்க வேண்டாம். எழுதாவிட்டால் ஒரே வாக்கியத்தில் 'நோ ப்ராப்ளம்' சொல்லிவிடும். நிஜப் பையர் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்த நடிப்பில்தான் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் எனக்குப் பிடிபட்டது. நம் பேச்சில் மரியாதை 'ங்க'வில் இருக்கிறது. சரிங்க, இல்லைங்க, வந்துட்டேனுங்க. ஒரே வாக்கியத்தில் மூன்று இடத்தில் வந்தாலும் யாருக்கும் மிகையாகத் தெரியாது, இல்லாவிட்டால்தான் மொட்டையாகத் தெரியும். ஆங்கிலத்தில் அந்த 'ங்க' கிடையாது. வாய் அதைத் தேடுகிறது, கிடைக்காத இடத்தில் 'சார்' போட்டு நிரப்புகிறது. 'யெஸ் சார், சாம்பிள் ரெடி சார், டுமாரோ சென்டிங் சார்.' நம் மனதில் அது பணிவு. கேட்பவரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்ப்பவர்.

ஆங்கிலத்தில் மரியாதை வாக்கியத்தின் தலையில் வருகிறது. 'சென்ட் த அப்ரூவல் சார்' என்பது சார் இருந்தும் கட்டளைதான். 'குட் யூ சென்ட் அஸ் த அப்ரூவல் பை ஃப்ரைடே?' என்பதில் சார் இல்லை, ஆனால் அதுதான் மரியாதையான கேள்வி. 'வுட் இட் பி பாசிபிள் டு', 'வுட் யூ மைண்ட்', 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' போன்றவை ஆங்கிலத்தின் 'ங்க' என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்தைச் சொல்லும்போது 'ஷிப்மென்ட் லேட்' என்று போட்டு உடைக்காமல், 'ஐ ஆம் அஃப்ரெய்ட் த ஷிப்மென்ட் வில் பி ஃபைவ் டேஸ் லேட்' என்று தொடங்கி, காரணம் ஒரு வாக்கியம், புதுத் தேதி ஒரு வாக்கியம். சாட்பாட்டிடம் "நான் சொல்வது கட்டளை மாதிரி ஒலித்தால் அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, தணிவாக எப்படிச் சொல்வது என்று காட்டு" என்று கேளுங்கள். நடுவில் திருத்த நான் அனுமதிக்கும் ஒரே இடம் இதுதான்.

வேறு வேலைக்குப் போகிறவர்கள் இதே முறையில் மாற்றிக்கொள்ளலாம். கோவையில் ஐடி நேர்முகத் தேர்வு என்றால், உங்கள் பயோடேட்டாவில் இருக்கும் புராஜெக்ட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்களுக்குப் பேச்சுத் தேர்வு மூன்று பகுதி, மொத்தம் 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு தருவார்கள், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். தலைப்பு கொடுக்கவும் தொடர்ந்து கேள்வி கேட்கவும் சாட்பாட் நன்றாக உதவும். அது போடும் பேண்ட் மதிப்பெண்ணை மட்டும் நம்பி ஃபீஸ் கட்டிவிடாதீர்கள்.

எண்ணும் தேதியும்

சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் நம் தொழிலில் காசு போவது இங்கேதான். பதின்மூன்றும் முப்பதும், பதினைந்தும் ஐம்பதும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். பதின்மூன்றில் அழுத்தம் கடைசியில்: தெர்-டீன், 'டீன்' நீளம். முப்பதில் அழுத்தம் முதலில்: தெர்-ட்டி, 'ட்டி' குட்டை. அதனிடம் இருபது அளவுகள் கலந்து சொல்லச் சொல்லி, கேட்டுக் கேட்டு எழுதிப் பாருங்கள். பிறகு நீங்கள் சொல்லி அது எழுதட்டும். தேதியில் 5/12 என்றால் ஐரோப்பியருக்கு டிசம்பர் 5, அமெரிக்கருக்கு மே 12. பேசும்போதும் எழுதும்போதும் மாதத்தைப் பெயராகவே சொல்லிவிடுங்கள்.

உச்சரிப்பை அது கண்டுபிடிக்குமா?

இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பல செயலிகளில் உங்கள் குரல் முதலில் எழுத்தாக மாறும். அந்த எழுத்தைப் படித்துத்தான் பதில் தயாராகும், அந்தப் பதில் குரலாகத் திரும்பி வரும். குரலை எழுத்தாக மாற்றும்போது, முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து ஊகித்து நிரப்பிக்கொள்ளும். நீங்கள் தப்பாக உச்சரித்திருந்தாலும் சரியான சொல்லாகவே எழுதிக்கொள்ளும். அதன்பின் 'என் உச்சரிப்பு எப்படி' என்று கேட்டால் 'வெரி க்ளியர்' என்றுதான் சொல்லும். ஒலியை நேரடியாகக் கேட்கும் புதிய முறைகள் வந்திருக்கின்றன. அவையும் உச்சரிப்பைத் திருத்துவதில் முழு நம்பிக்கைக்கு உரியவை என்று நான் சொல்லமாட்டேன்.

நமக்கு எங்கே இடறும் என்று தெரிந்துகொண்டால் நாமே சோதிக்கலாம். குண்டூசிக்கும் 'பின்', குப்பைத் தொட்டிக்கும் 'பின்'. போட்டுக்கொள்ளும் கோட்டுக்கும் 'கோட்', ஆட்டுக்கும் 'கோட்'. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், ஆங்கிலத்தில் ஒலி வேறு. நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாததால் காதும் அதைக் கவனிக்கப் பழகவில்லை. எங்கள் வேலையில் சட்டையின் முதுகுப் பக்கம், பேக்கிங், பை மூன்றும் 'பேக்' ஆகிவிடும். பையர் எதைச் சொல்கிறார் என்று அரை நிமிடம் குழப்பம்.

சோதனை இப்படி. போன் கீபோர்டில் குரல் தட்டச்சை இந்திய ஆங்கிலத்தில் வையுங்கள். ஒற்றைச் சொல்லாகச் சொல்லுங்கள், வாக்கியம் கூடாது. வாக்கியம் சொன்னால் அது ஊகித்துவிடும். ஆட்டைச் சொன்னீர்கள், திரையில் கோட்டு வந்ததா? ஒலிப்பு குரல்வளையிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லுங்கள், ஆட்டுக்கும் குப்பைத் தொட்டிக்கும் முதல் ஒலியிலேயே அதிர வேண்டும். அதுபோல 'எவ்ரி' என்பதை 'யெவ்ரி' என்றும் 'ஒன்லி' என்பதை 'வொன்லி' என்றும் சொல்கிறோமா, 'புக்' என்பது 'புக்கு' ஆகிறதா என்றும் கவனியுங்கள். இதற்கு உங்கள் குரலைப் பதிவு செய்து நீங்களே கேட்பதுதான் வழி.

அமெரிக்கர் மாதிரிப் பேச வேண்டும் என்று முயல வேண்டாம். திருப்பூருக்கு வரும் பையர்களில் ஸ்பெயின்காரர், ஜெர்மனிக்காரர், பிரான்ஸ்காரர் எல்லாரும் உண்டு. அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களுக்குத் தேவை தெளிவு, நிதானம். நம் ஊர் வாடை பேச்சில் இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

மூன்று தவறுகளை என்ன செய்வது

'முடிச்சுக்கலாம்' என்றதும் அது சொல்லும் மூன்று தவறுகளை ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். மறுநாள் பேச்சைத் தொடங்கும் முன் அந்த மூன்றையும் சரியான வடிவில் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பத்து நாளில் நோட்டைப் புரட்டினால் ஒரே தவறு ஐந்து தடவை வந்திருப்பது கண்ணில் படும். அதுதான் உங்கள் தவறு. மற்றவற்றை விட்டுவிட்டு அதைப் பிடியுங்கள்.

என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது 'ஐ ஒன்லி சென்ட் இட்'. 'நான்தான் அனுப்பினேன்' என்பதை அப்படியே மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரருக்கு அது 'அனுப்ப மட்டும்தான் செய்தேன்' என்று போய்ச் சேரும். 'ஐ வாஸ் த ஒன் ஹூ சென்ட் இட்' என்று மாற்ற எனக்கு ஒரு மாதம் பிடித்தது. 'ஐ ஹேவ் எ டவுட்' இன்னொன்று. நம் ஊரில் அது கேள்வி. அவர்கள் காதில் உங்களை நம்பவில்லை என்பதுபோல விழலாம், ஆகவே 'ஐ ஹேவ் எ க்வெஸ்டின்'. 'டுடே மார்னிங்', 'மை நேட்டிவ் இஸ் கோபி', 'கசின் பிரதர்' இவற்றையும் அது தவறு என்று சொல்லும். நமக்குள் பேசும்போது இவை நன்றாகவே புழங்குகின்றன, அவற்றுக்காக வெட்கப்பட வேண்டாம். வெளியாரிடம் பேசும்போது மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 'எ', 'த' விட்டுப்போவது எல்லாருக்கும் வரும், தமிழில் அவை இல்லை. முதல் மூன்று மாதம் அதைத் தொட வேண்டாம் என்று சாட்பாட்டிடமே சொல்லிவிடுங்கள்.

விளக்கம் சொல்லும்போது அது சில நேரம் இல்லாத இலக்கண விதியை உறுதியாகச் சொல்லிவிடும். "இல்லையே" என்று மறுத்தால் உடனே நம் பக்கம் சாய்ந்துவிடும், நாம் சொன்னது தவறாக இருந்தாலும். சந்தேகம் வந்தால் நல்ல அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

எதைச் சொல்லக்கூடாது

பையர் பெயர், பீஸ் விலை, ஸ்டைல் நம்பர், கம்பெனிக் கணக்கு எதுவும் வேண்டாம். நடிப்புக்கு வேறு பெயர், வேறு எண் போதும். ஆதார் எண், வங்கி விவரம், ஓடிபி பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அமைப்புகளில் டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற இடத்தில், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும் வசதி சாட்ஜிபிடியில் உண்டு. வீட்டில் குழந்தைகள் பயன்படுத்தினால் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 13 வயதுக்குக் கீழ் சாட்ஜிபிடியில் அனுமதியே இல்லை.

அப்புறம் மனிதர்களிடம்

ஆறாவது வாரத்தில் ஒரு மனிதரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். சாட்பாட் நம்மைத் தேவைக்கு மேல் புரிந்துகொள்ளும். பாதி வாக்கியம் சொன்னால் மீதியைத் தானே நிரப்பும். மனிதர்கள் அப்படி இல்லை. முகம் சுளிப்பார்கள், குறுக்கே பேசுவார்கள், 'வாட்?' என்பார்கள். நானும் எங்கள் செக்ஷன் பெண்ணும் மத்தியானம் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுகிறோம். ஒருவரை ஒருவர் திருத்துவதில்லை, சிரிப்பதும் இல்லை என்று பேசி வைத்திருக்கிறோம். ஆள் கிடைக்காதவர்கள் நம்பிக்கையான ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் தினம் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பலாம்.

நிஜ அழைப்புக்கு முந்தின நாள், சாட்பாட்டை வேகமாகவும் முணுமுணுப்பாகவும் பேசச் சொல்லி, அதை இடைமறித்துப் பழகுங்கள். பழக வேண்டியவை நான்கு வாக்கியங்கள். 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' 'குட் யூ ஸ்பீக் எ லிட்டில் ஸ்லோவர், ப்ளீஸ்?' 'டு யூ மீன் த ஃபேப்ரிக் ஆர் த பிரிண்ட்?' 'லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ பை ஈவினிங்.' புரியாதபோது தலையாட்டி 'யெஸ்' சொல்லிவிடும் பழக்கத்தை இந்த நான்கும் நிறுத்தின. என் லேப்டாப் திரையின் இடது ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அழைப்பு வரும்போது இப்போதும் முதலில் கண் அங்கேதான் போகிறது.